வெள்ளைக் கையுறையில் ஒரு சொட்டு

அத்தியாயம் 9

ஜூலை பதினாலு கழியட்டும், அப்புறம் பதில் சொல்கிறேன் என்று கஸ்தோன் சொன்னதோடு போன வாரம் நிறுத்தினோம். அந்தப் பதினாலு இதோ விடிந்துவிட்டது.

விட்ட இடத்தை ஒரு தரம் தொட்டுவிட்டுப் போகலாம். கஸ்தோன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் அட்ஜுதான் என்கிற பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ரெட்டியார்பாளையத்தில் 'சொல்தா வீடு', அதாவது பட்டாளத்துக்காரர் வீடு, எது என்று கேட்டால் குழந்தைகூடக் கை காட்டும். ஏப்ரலில் ஈஸ்டர் பூசை நடுவே நெஞ்சு படபடவென்று அடித்து, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இதயத்தின் மேல் அறை ஒழுங்காகத் துடிக்காமல் நடுங்குகிறது என்றார் டாக்டர் ஜானகிராமன். ரத்தம் கட்டியாகாமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்தார்.

மே மாதம் மகன் மாக்சிமைப் பார்க்கப் புருஷனும் பெண்டாட்டியும் பிரான்சில் இருக்கிற போர்தோவுக்குப் போனார்கள். அங்கே டிராம் ஓட்டுகிற அந்தப் பிள்ளை, அப்பாவைக் கையோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான். தொடை வழியாக மெல்லிய கம்பியை இதயத்துக்குள் செலுத்தி, கோளாறு கிளம்புகிற இடத்தைச் சுட்டுவிடலாம் என்றார்கள். செப்டம்பரில் ஒரு தேதியும் கொடுத்தார்கள்.

அங்கே தலையாட்டிய மனுஷர், ஊர் மண்ணை மிதித்ததும் மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார்.

"கிறிஸ்தவன் செத்தாக்கூட புதைக்கத்தான் செய்வாங்க. என்னை உயிரோட எரிக்கணுமா?"

இதைச் சொல்லி அவரே சிரித்துக்கொள்வார். பெண்டாட்டி ஜெர்மேனுக்குச் சிரிப்பு வராது. அவள் பார்த்தது அப்படி.

கஸ்தோனின் அண்ணன் மத்தியோ இந்த வீட்டின் பின்னறையில்தான் இரண்டு வருஷம் படுத்துக் கிடந்தார். ஒரு நாள் காலையில் காப்பி குடிக்கும்போது அவருடைய வாயின் ஒரு பக்கம் கோணி, காப்பி சட்டையில் வழிந்தது. தம்பி பெண்டாட்டியிடம் வம்பு பண்ணுகிறார் என்று நினைத்து ஜெர்மேன் சிரித்தாள். அவர் எழுந்து நிற்கப் பார்த்துச் சரிந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இதயத்தில் உண்டான ரத்தக்கட்டி மூளைக்குப் போய் அடைத்துவிட்டது என்று பிற்பாடு சொன்னார்கள். கழுவி, துடைத்து, புரட்டிப் போட்டு, கரண்டியால் ஊட்டி, கடைசியில் அவர் கண்ணை மூடிவிட்டவளும் ஜெர்மேன்தான். அந்தச் சிரிப்பை மட்டும் அவள் சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

அதனால் ஏப்ரலிலிருந்து அவளுக்கு ஒரு புதுப் பழக்கம். காலைக் காப்பியைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு எதையாவது சொல்லி அவரைச் சிரிக்க வைப்பாள். சிரிக்கும்போது மீசைக்குக் கீழே இரண்டு வாய்க்கோடியும் ஒரே அளவாக மேலே போகின்றனவா என்று பார்ப்பாள். போனால் அன்றைய பொழுது அவளுக்கு ஓடும்.

இன்றும் பார்த்தாள்.

"உங்க மெடலெல்லாம் நேத்து புளி போட்டுத் தேய்ச்சேன். ஒண்ணைக் காணும். மீன்காரி தனக்கொடிகிட்ட சில்லறைன்னு குடுத்துட்டேனோ என்னவோ."

கஸ்தோன் காப்பிக்கு மேலே அவளைப் பார்த்தார். மீசை அசைந்தது. இரண்டு கோடியும் சரியாகத்தான் போயின.

"வஞ்சிர மீனாவது வாங்கினியா, இல்ல வெறும் நெத்திலியா?" என்று கேட்டுவிட்டுச் சவரம் செய்துகொள்ளப் போனார்.

*

ஜூலை பதினாலு பிரான்சு தேசத்தின் திருநாள். அன்றைக்குக் கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னத்தின் முன்னால் பழைய பட்டாளத்துக்காரர்கள் எல்லாரும் மெடல் மாட்டிக்கொண்டு நிற்பார்கள். சங்கத்துக் கொடியைப் பிடிக்கிற உரிமை பல வருஷமாகக் கஸ்தோனுக்குத்தான். வெள்ளைக் கையுறை, கறுப்புக் கோட்டு, தோளில் சாய்த்த கொடிக்கம்பு. சம்பாதித்த பணத்தையெல்லாம் பிடுங்கிக்கொண்டாலும் சும்மா இருப்பார், அந்தக் கொடியைப் பிடுங்கினால் தாங்கமாட்டார்.

குளியலறையிலிருந்து அவர் வெளியே வந்தபோது தாடையில் பேப்பர் துண்டு ஒட்டியிருந்தது. அதன் மேல் இன்னொரு துண்டு. இரண்டும் சிவந்திருந்தன.

"பிளேடு புதுசு" என்றார்.

"படிகாரம் போட்டீங்களா?"

"போட்டாச்சு. நிக்கல."

ஜெர்மேன் கிட்டே போய்ப் பார்த்தாள். கடுகளவு வெட்டு. அதற்கா இவ்வளவு ரத்தம்? நாலு நாளாக அவர் பல் விளக்கித் துப்பினால் வாஷ்பேசினில் சிவப்பு தெரிந்தது. கேட்டதற்கு, பிரஷ் முரடு என்றார். முழங்கைக்கு மேலே கன்றிப்போன நீலம் ஒன்று. கேட்டதற்கு, கதவில் இடித்துக்கொண்டேன் என்றார். பட்டாளத்தில் இருந்தவரிடம் உண்மையை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

"இன்னிக்குப் போகாதீங்களேன். உங்க சங்கத்து இராமதாஸ் அண்ணன் பிடிக்கட்டும் கொடிய."

"இராமதாஸ் கொடியப் பிடிச்சா காத்தாடி விடுறவன் மாதிரி இருக்கும்."

"டெஸ்டும் எடுக்கல. போன வாரமே ரத்தம் குடுத்திருக்கணும், டாக்டர் சொன்னாரு."

"பதினாலு கழிஞ்சதும் டெஸ்டு. பதினாலு கழிஞ்சதும் பதில். எல்லாம் நாளைக்கு." கோட்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

காலை மாத்திரையைக்கூட விழுங்காமல் புறப்பட்டார். ஜெர்மேன் அதை அட்டையோடு கைப்பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

இந்த மாத்திரை விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. போர்தோ டாக்டரும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். மாக்சிம் அதைச் செப்டம்பர் வரைக்கும் வாங்கிப் பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தான். இங்கே ஜானகிராமன் கொடுத்தது வேறு பெயர், வேறு நிறம். ஜெர்மேன் யோசித்துப் பார்த்து ஒரு ஏற்பாடு செய்தாள். காலையில் பிரான்சு மாத்திரை, சாயங்காலம் இந்த ஊர் மாத்திரை. பகலுக்கு ஒரு காவல், ராத்திரிக்கு ஒரு காவல். ஒன்று அசந்தால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும்.

ஊர் திரும்பியதும் ஜானகிராமன், "மாத்திரை தவறாமப் போகுதா?" என்று கேட்டார். "தவறாமப் போகுது" என்றாள். பிரான்சு மாத்திரையைப் பற்றி வாய் திறக்கவில்லை. தன்னை நம்பாமல் சீமை மருந்து கொண்டுவந்துவிட்டார்கள் என்று அந்த நல்ல மனுஷர் வருத்தப்படுவாரே என்ற கூச்சம்தான். கஸ்தோனோ, அவள் உள்ளங்கையில் வைப்பதைப் பார்க்காமலே விழுங்குகிறவர். விஷம் வைத்தாலும் தண்ணீர் மட்டும்தான் கேட்பார்.

*

கடற்கரைச் சாலையில் வெயில் ஏறிவிட்டது. கயிறு கட்டிய இடத்துக்கு வெளியே குடும்பங்கள் நின்றன. ஜெர்மேனும் சின்ன மகள் க்ளோயேயும் முன்வரிசையில் இடம் பிடித்தார்கள். க்ளோயே பிரெஞ்சுப் பள்ளியில் டீச்சர், அவளுக்கும் இன்று லீவு.

"மம்மா, பப்பா முகம் வெளுத்தாப்ல இருக்கில்ல?"

"பவுடர் போட்டிருக்காரு" என்றாள் ஜெர்மேன். தனக்கே அந்தப் பொய் பிடிக்கவில்லை.

பிரெஞ்சுத் தூதரகத்துக் கொன்சுல் மலர்வளையம் வைத்தார். எக்காளம் ஊதியது. பழைய பட்டாளத்துக்காரர்கள் விறைத்து நின்றார்கள். ஒருவருக்குத் தொப்பை, ஒருவருக்குக் கூன், ஒருவருக்குக் கைத்தடி. ஆனாலும் எக்காளம் கேட்டதும் எல்லாருக்கும் இருபது வயசு குறைந்துவிட்டது.

பிரான்சு நாட்டுப் பாட்டு தொடங்கியபோது கஸ்தோனின் வலது கையுறையில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்ததை ஜெர்மேன் பார்த்தாள். தாடையிலிருந்து என்று நினைத்தாள். இரண்டாவது சொட்டு விழுந்தது. அது மூக்கிலிருந்து வந்தது. மீசை நனைந்து, சட்டைக் காலருக்குள் இறங்கியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. கொடி ஒரு விரல்கூடச் சாயவில்லை. பாட்டு முடிந்து ஜனகணமன தொடங்கியது. அதுவும் முடிகிற வரைக்கும் அப்படியே நின்றார். கையுறையில் அதற்குள் பாதி சிவப்பு.

அந்த நிமிஷம் ஜெர்மேனுக்குக் கணவர் மேல் பெருமை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. துணிக்காக இப்படி நிற்கிறாரே, எனக்காக ஒரு நாள் நின்றிருக்கிறாரா என்று ஆத்திரம். இத்தனை வருஷத்தில் எந்தப் பெண்பிள்ளையும் தாண்டாத அந்தக் கயிற்றை அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினாள்.

"இராமதாஸ் அண்ணே, கொடிய வாங்குங்க."

இராமதாஸ் வாங்கிக்கொண்டார். காத்தாடி மாதிரியெல்லாம் இல்லை, நன்றாகவே பிடித்தார்.

*

ஆஸ்பத்திரியில் மூக்கில் துணியைத் திணித்து அடைத்தார்கள். ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் ஜானகிராமன் ஒரு சீட்டோடு வந்தார். எப்போதும் வாசலிலேயே வணக்கம் சொல்லுகிறவர் இன்று அதை மறந்துவிட்டார்.

"ரத்தம் எவ்வளவு நீர்த்திருக்குன்னு பாக்கற அளவு இது. உங்களுக்கு ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல இருக்கணும். இப்ப ஒன்பதைத் தாண்டிடுச்சு. மூக்குல வந்தது மூளைக்குள்ள வந்திருந்தா நாம இப்படிப் பேசிக்கிட்டு இருக்க மாட்டோம். நான் குடுத்த மாத்திரைக்கு இவ்வளவு ஏறாது. வேற என்னா சாப்பிடுறாரு?"

ஜெர்மேனின் கை தானாகவே கைப்பைக்குள் போனது. அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். டாக்டர் பெயரைப் படித்தார்.

"இது எப்பலேருந்து?"

"பிரான்சுலேருந்து வந்ததுலேருந்து. காலைல இது, சாயங்காலம் உங்களுது."

"ரெண்டும் ஒரே வேலை செய்யற மாத்திரைம்மா. அவங்க ஊர்ல அது, நம்ம ஊர்ல இது. ஏதாவது ஒண்ணுதான்."

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று ஊரெல்லாம் சொல்கிறது. ஜெர்மேனும் பல பேருக்குச் சொல்லியிருக்கிறாள். பயந்த மனசுக்கு அளவு ஏது? இரண்டு காவல்காரர்களை வாசலில் நிறுத்தி, அவர்கள் கையாலேயே வீட்டுக்காரரை வெட்டப் பார்த்தேனே என்று நெஞ்சு கொதித்தது.

"எல்லாம் என்னாலதான் டாக்டர். உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன். நான்தான்..."

"அவளைச் சொல்ல விடாதீங்க" என்றார் கஸ்தோன்.

மூக்கு அடைத்திருந்ததால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. கட்டிலில் நிமிர்ந்து உட்காரப் பார்த்தார். நர்ஸ் அமுக்கினாள்.

"போர்தோ டாக்டர் என்கிட்டதான் சொன்னாரு. ஊர் மாத்திரைய நிறுத்திட்டு இதைச் சாப்பிடுன்னு தெளிவாச் சொன்னாரு. நான் இவகிட்ட சொல்லல."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன் சார்?"

"மாத்திரை இவ டிபார்ட்மெண்டு. இவளும் பக்கத்துல உக்காந்துதான் கேட்டா. எல்லாத்துக்கும் தலையாட்டினா. புரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

ஜெர்மேனுக்கு அந்த அறை ஞாபகம் வந்தது. அவளிடம் இருப்பது பூசைப் புத்தகப் பிரெஞ்சும் ரொட்டிக்கடைப் பிரெஞ்சும்தான். அந்த டாக்டரோ மழை பெய்வதுபோல் பேசினார். சொல்தா பெண்டாட்டிக்குப் பிரெஞ்சு தெரியவில்லை என்று மகன் முன்னால் காட்டிக்கொள்ளக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ஆமாம், ஆமாம் என்கிற அர்த்தத்தில் 'உய், உய்' என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினாள். வெளியே வந்த பிறகு என்னங்க சொன்னாரு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"சரி, யார் தப்புன்னு பங்கு போட்டுக்கிறத வீட்டுல வச்சுக்குங்க" என்றார் டாக்டர். குரல் கொஞ்சம் இளகியிருந்தது. "ரெண்டு மாத்திரையும் இன்னியோட நிறுத்தறேன். ரத்தம் உறையறதுக்கு ஊசி போட்டிருக்கு. அளவு இறங்கினப்புறம் ஏதாவது ஒண்ணை மட்டும் ஆரம்பிக்கலாம்."

"அதுவரைக்கும் ஒரு மாத்திரைகூடக் கிடையாதா?"

"கிடையாது."

இரண்டு இருந்தும் போதாது என்று பயந்தவளுக்கு இனி ஒன்றும் இல்லை.

*

மத்தியானம் டாக்டர் மறுபடி வந்தபோது, கஸ்தோன் அவரை விடவில்லை.

"டாக்டர், நான் சாராயம் தொட்டதில்ல. சிகரெட்டை பட்டாளத்தோட விட்டாச்சு. வால்வும் நல்லா இருக்குன்னீங்க. அப்புறம் இது எங்கேருந்து கெளம்புது?"

ஜானகிராமன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது.

"நெஞ்சுக்கூட்டுல ரெண்டு பக்கமும் நுரையீரல் இருக்கில்ல, அங்கேருந்து சுத்தமான ரத்தத்தை நாலு குழாய் இதயத்தோட இடது மேல் அறைக்குக் கொண்டாருது. நாம தாய் வயித்துல வளரும்போதே இதயத்தோட தசை அந்தக் குழாய்களோட வாய்க்குள்ள கொஞ்ச தூரம் ஏறிப் படிஞ்சிடுது. எல்லாருக்கும் அப்படித்தான். வயசாகும்போது சில பேருக்கு அந்தத் துண்டுத் தசை தானா மின்சாரம் கிளப்ப ஆரம்பிக்குது. இதயத்துக்கு உத்தரவு போடறது வேற ஒரு இடம். இது நடுவுல புகுந்து கன்னாபின்னான்னு உத்தரவு போட்டா மேல் அறை யார் பேச்சைக் கேக்கும்? துடிக்காம நடுங்குது."

"ரெண்டு அதிகாரி ஒரே பட்டாளத்துக்கு" என்றார் கஸ்தோன்.

"அதேதான். நடுங்கற அறையில ரத்தம் ஓடாம மூலையில தேங்குது. தேங்கினா கட்டியாகுது. அந்தக் கட்டிதான்..." டாக்டர் ஜெர்மேனைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ரொம்ப நாளா இது அறை முழுக்க இருக்கற கோளாறுன்னு நெனச்சாங்க. நெஞ்சைப் பொளந்து அந்தச் சுவரையே வெட்டி வெட்டித் தெச்சாங்க. போர்தோக்காரங்கதான் ஆறேழு வருஷத்துக்கு முன்னால, மொதல் தப்புத் துடிப்பு எங்க கெளம்புதுன்னு கம்பிய விட்டுத் தேடிக்கிட்டே போனாங்க. போய்ப் பாத்தா முக்காவாசி அந்தக் குழாய் வாய்லதான்."

"அந்த எடத்தைச் சுடுவாங்க."

"மொதல்ல அப்படித்தான் சுட்டாங்க. சில பேருக்குக் குழாயே சுருங்கிப்போச்சு. இப்ப குழாயை விட்டுட்டாங்க. வாயைச் சுத்தி வளையமாச் சுட்டு விடுறாங்க. தழும்புல மின்சாரம் பாயாது. உள்ள இருக்கறவன் எவ்வளவு கத்தினாலும் தெரு தாண்டி வராது."

கஸ்தோன் விரலால் காற்றில் ஒரு வளையம் போட்டுப் பார்த்தார்.

"அப்ப எரிக்கறது வீட்டை இல்ல. வாசப்படிய."

"வாசப்படியத்தான். நூத்துக்கு நூறுன்னு சொல்லமாட்டேன். பத்துப் பேர்ல ஏழு பேருக்கு நல்லாகுது, அதுலயும் சில பேருக்கு ரெண்டாவது தடவை செய்ய வேண்டியிருக்கு."

"பாதியில கட்டி கிளம்பி மேல போயிட்டா?"

டாக்டர் மழுப்பவில்லை. "நூத்துல ஒருத்தருக்கு நடக்கலாம். அதனாலதான் முன்னாடியே தொண்டை வழியா ஒரு குழாயை விட்டு அந்த மூலையில கட்டி இருக்கான்னு பாப்பாங்க. இருந்தா கம்பிய உள்ள விடவே மாட்டாங்க, செப்டம்பர் தேதி போயிடும். இவ்வளவு குழப்பம் நடந்தப்புறம் அதை நானே இங்க பாத்துடறேன். திங்கக்கிழமை."

டாக்டர் போனதும் ஜெர்மேன் அறைக் கதவைச் சாத்தினாள். நூறில் ஒன்று என்று டாக்டர் சொன்னபோது கணவர் தன் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையை ஜெர்மேன் மறக்கவில்லை.

"எரிக்கறது, புதைக்கறதெல்லாம் சும்மா. இதுக்குத்தானா மாட்டேன்னீங்க?"

அவர் போர்வையை நெஞ்சு வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க."

"அந்தப் பின்னறைக் கட்டிலை நீ இன்னும் வித்துத் தொலைக்கல" என்றார் கஸ்தோன் மெதுவாக. "மத்தியோவைத் தூக்கித் தூக்கித்தான் உன் இடுப்பு போச்சு. நான் அவனைவிட கனம். போர்தோவுல அந்த டாக்டர் நூத்துல ஒண்ணுன்னப்ப, எனக்கு அந்தக் கட்டில்தான் தெரிஞ்சுது. இப்படியே இருந்துட்டு ஒரு நாள் பட்டுன்னு போயிட்டா உனக்கு வேலை மிச்சம்னு நெனச்சேன்."

ஜெர்மேனுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் பொங்கியது.

"வேலை மிச்சமா? யாரு கேட்டா உங்களை? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? சும்மா இருந்தா கட்டி வராதுன்னு யாரு எழுதிக் குடுத்தது? மத்தியோ அண்ணன் சும்மாதான் இருந்தாரு."

ஒரே கட்டிலுக்குப் பயந்து ஒருத்தி இரண்டு மாத்திரை கொடுத்திருக்கிறாள். அதே கட்டிலுக்குப் பயந்து ஒருத்தர் வைத்தியமே வேண்டாம் என்றிருக்கிறார். மூன்று மாசமாக ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு இதைப் பேசிக்கொள்ள மட்டும் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. முப்பது வருஷத் தாம்பத்தியம் என்று மெச்சிக்கொள்கிறோம், பாருங்கள்.

சாயங்காலம் க்ளோயே செல்போனோடு எட்டிப் பார்த்தாள். "பப்பா, மாக்சிம் லைன்ல இருக்கான். அந்த ஆஸ்பத்திரிக்கு இந்த வாரமே பதில் சொல்லணுமாம்."

கஸ்தோன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "நாளைக்கு."

*

மறுநாள் காலை க்ளோயே பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்தாள். ஜெர்மேன் ஊற்றிக் கணவர் கையில் கொடுத்தாள். மூக்கில் அடைப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். தாடை வெட்டு கறுத்துக் காய்ந்திருந்தது. ரத்த அளவு நாலுக்கு இறங்கிவிட்டது என்று நர்ஸ் சொன்னாள். இறங்க இறங்க நல்லது என்பது நர்ஸின் கணக்கு. மாத்திரை இல்லாமல் இன்னும் இறங்கினால் என்னவாகும் என்பது ஜெர்மேனின் கணக்கு.

வழக்கம்போல் எதையாவது சொல்ல வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மீன்காரி, மெடல், கொன்சுல், இராமதாஸ், எதை எடுத்தாலும் அதில் சிரிப்புக்கு வழியில்லை. காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கஸ்தோன் டம்ளரைக் கீழே வைத்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிறமாதிரி திரும்பினார். போட்டோவுக்கு நிற்பவரைப்போல் பல் தெரியச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார்.

"பாத்துக்கோ. ரெண்டு பக்கமும் சரியா இருக்கா?"

ஜெர்மேன் பிளாஸ்கைக் கீழே வைத்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"ஏப்ரல்லேருந்து தெரியும். உனக்கு ஜோக்கு சொல்ல வராது ஜெர்மேன். முப்பது வருஷமா வராதது ஈஸ்டருக்கு மறுநாள் திடீர்னு வருமா? மொதல்ல பைத்தியம் பிடிச்சுப்போச்சுன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா நீ என் கண்ணையே பாக்கறதில்ல, வாயத்தான் பாக்கற."

"தெரிஞ்சுமா தினம் சிரிச்சீங்க?"

"சிரிக்கலன்னா நீ காப்பி குடிக்க மாட்டேங்கறியே." அவர் டம்ளரை எடுத்துக்கொண்டார். "செப்டம்பர் வரைக்கும் தினம் காலைல சிரிச்சுடறேன், பாத்துக்கோ. அதுக்கப்புறம், நீ பாக்காத நேரத்துல கொஞ்சம் சிரிக்கணும்போல இருக்கு."

அவர் என்ன சொன்னார் என்பது அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும், நேற்றெல்லாம் வராத அழுகை வந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, நர்ஸ் பார்க்கிறாளே என்றுகூட நினைக்காமல் அழுதாள்.

க்ளோயேயின் செல்போன் அடித்தது. மாக்சிம்தான். அங்கே இன்னும் விடியவில்லை. முதல் டிராமை எடுக்கப் போகிற வழியில் கூப்பிடுகிறான். க்ளோயே போனை அப்பாவிடம் நீட்டினாள். அவர் வாங்காமல் ஜெர்மேன் பக்கம் கை காட்டினார்.

"நீ சொல்லு. நான் சொன்னா நாளைக்கு மாத்திப் பேசுவேன்னு நெனப்பான்."

ஜெர்மேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனைக் காதில் வைத்தாள்.

"வரோம்ப்பா. செப்டம்பர்ல வரோம். பப்பா சரின்னுட்டாரு."

அந்தப் பக்கம் மாக்சிம் 'அப்பாடா' என்றான். குரல் கரகரத்தது. அழுகிறானோ என்னவோ. பிறகு, "வேற ஒண்ணும் பிரச்சினை இல்லையே மம்மா? அங்க டாக்டர் என்னா சொன்னாரு?" என்று கேட்டான்.

ஜெர்மேன் கணவரைப் பார்த்தாள். அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார், வாய்க்கோடி இரண்டும் சரியாக இருந்தன. இதயத்தின் அந்த மூலையில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் எந்தச் சிரிப்பும் காட்டப்போவதில்லை. அது திங்கட்கிழமைதான் தெரியும்.

டாக்டர் சொன்னதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று நேற்றுத்தான் கண்ணால் பார்த்தவள் அவள்.

"ஒண்ணும் சொல்லல" என்றாள் ஜெர்மேன். "நீ வண்டிய எடு, நேரமாவுது."